வானவில் கொடியும் இளஞ்சிவப்பு முக்கோணமும்

தன்பாலீர்ப்பினர், இருபாலீர்ப்பினர், திருநர், ஊடுபாலினர் முதலியோர் தங்களுக்குள் இனங்கண்டுகொள்ளவும், பொதுவெளியில் உரிமை கோரவும் பயன்படுத்தும் பூக்கள், எழுத்துகள், வடிவங்கள், கொடிகள் ஆகியவற்றைப் பால்புதுமையர் சின்னங்கள் எனலாம். உலகெங்கும் இன்று தெரிபவை இளஞ்சிவப்பு முக்கோணமும் ஆறு நிற வானவில் கொடியும். முதலாவது வதைமுகாம் அதிகாரிகள் தைத்துவிட்டது. இரண்டாவதை இயக்கத்தார் தாங்களே சாயம் தோய்த்துச் செய்தார்கள்.

சட்டத்துக்கு அஞ்சிய காலத்தில் சின்னம் என்பது குறிப்பறிந்தவருக்கு மட்டும் புரியும் சங்கேதம். 1892இல் லண்டனில் ஆஸ்கர் வைல்டின் நாடகம் அரங்கேறியபோது அவரும் நண்பர்களும் கோட்டில் பச்சைச் சாயமேற்றிய கார்னேஷன் பூவைச் செருகி வந்தனர். இயற்கையில் இல்லாத நிறம் என்பதே அதன் குறும்பு. பெண்களிடையே ஊதாப் பூங்கொத்துக்கு இதையொத்த பொருள் இருந்தது. 1970இல் நியூயார்க்கின் தன்பாலீர்ப்புச் செயற்பாட்டாளர்கள் கிரேக்க எழுத்தான லாம்டாவைத் தங்கள் அடையாளமாக்கினர். அதைச் சட்டைப் பித்தானாகக் குத்திக்கொண்டு போனால் வழியில் போகிறவருக்குக் கணக்குப் பாடம்தான் நினைவுக்கு வரும்.

முக்கோணத்தின் கதை வேறு. ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய ஜெர்மானியச் சட்டப் பிரிவு 175, 1871 முதலே இருந்தது. நாஜி அரசு 1935இல் அதை மேலும் கடுமையாக்கியது. வதைமுகாம்களில் கைதிகளின் சட்டையில் வகைக்கொரு நிறத்தில் முக்கோணத் துணி தைக்கப்பட்டது. அரசியல் கைதிக்குச் சிவப்பு, குற்றவாளிக்குப் பச்சை, ‘சமூக விரோதி’ என்று முத்திரை குத்தப்பட்டவருக்குக் கறுப்பு, தன்பாலீர்ப்புக்காகப் பிடிபட்ட ஆணுக்கு இளஞ்சிவப்பு. முனை கீழ்நோக்கி இருக்கும். யூதராகவும் இருந்தால் அடியில் மஞ்சள் முக்கோணம் ஒன்றும் சேரும். இந்த வகையில் முகாம்களுக்கு அனுப்பப்பட்டோர் 5,000 முதல் 15,000 பேர் வரை என்பது வரலாற்றாய்வாளர்களின் மதிப்பீடு.

போர் முடிந்ததும் இவர்களுடைய துன்பம் முடியவில்லை. மற்ற கைதிகள் விடுதலை பெற்றவர்களாக வெளியே வந்தபோது, இவர்கள் குற்றவாளிகளாகவே கருதப்பட்டனர். நாஜிகள் கடுமையாக்கிய அதே வாசகத்தை மேற்கு ஜெர்மனி 1969 வரை மாற்றாமல் வைத்திருந்தது. பிரிவு அடியோடு நீக்கப்பட்டது 1994இல்தான். நடந்ததைச் சொன்னால் மீண்டும் வழக்கு பாயும் என்ற நிலையில் யார் வாய் திறப்பார்கள்? முகாமில் தப்பிப் பிழைத்த ஒருவரின் அனுபவம் ஹைன்ஸ் ஹேகர் என்ற புனைபெயரில் நூலாக வெளிவர 1972 வரை ஆயிற்று. அதன் பிறகே மேற்கு ஜெர்மனியின் தன்பாலீர்ப்பு இளைஞர்கள் அந்த முக்கோணத்தைத் தாங்களாகவே சட்டையில் அணியத் தொடங்கினர். இழிவுக்குத் தைத்ததை எடுத்து நெஞ்சில் குத்திக்கொள்வது துணிச்சலான செயல். அதில் ஒரு பழிவாங்கலும் உண்டு.

1987இல் அது இன்னொரு திருப்பம் கண்டது. எய்ட்ஸ் நோயால் நண்பர்களைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த ஆறு பேர் நியூயார்க்கில் ஒரு சுவரொட்டி வடிவமைத்தனர். கறுப்புப் பின்னணியில், முனை மேல்நோக்கிய இளஞ்சிவப்பு முக்கோணம். கீழே, மௌனம் என்றால் மரணம் என்ற வாசகம். அமெரிக்க அரசின் பாராமுகத்தை எதிர்த்துக் கிளம்பிய ஆக்ட் அப் இயக்கம் அதைத் தன் சின்னமாக ஏற்றது. அதே ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் கால்வாய்க் கரையில் இளஞ்சிவப்புக் கருங்கல்லால் மூன்று முக்கோணங்களைக் கொண்ட நினைவிடம் திறக்கப்பட்டது.

கொலைகாரர்கள் கொடுத்த சின்னத்தைச் சுமக்க எல்லாருக்கும் மனம் ஒப்பவில்லை. அப்படி ஒப்பாதவர்களில் ஒருவர் கில்பர்ட் பேக்கர். கேன்சஸ் மாநிலத்தில் 1951இல் பிறந்தவர். ராணுவச் சேவையின்போது சான் பிரான்சிஸ்கோ வந்து, பணி முடிந்ததும் அங்கேயே தங்கிவிட்டவர். தானே தையல் கற்றவர். நகராட்சி மன்ற உறுப்பினராகப் புதிதாகத் தேர்வாகியிருந்த ஹார்வி மில்க் உள்ளிட்ட நண்பர்கள் இயக்கத்துக்கென மகிழ்ச்சியான ஒரு சின்னம் வேண்டும் என்று அவரைத் தூண்டினர். 1978 கோடையில் சமூக மையம் ஒன்றில் சுமார் முப்பது தன்னார்வலர்கள் கூடி, பெரிய குப்பைத் தொட்டிகளில் சாயம் கரைத்துப் பருத்தித் துணியைத் தோய்த்து வானவில் கொடிகள் செய்தனர். சாயமேற்றுவதில் கைதேர்ந்த லின் சேகர்புளோமுக்கும் தையலில் வல்ல ஜேம்ஸ் மக்நமாராவுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. பிற்காலத்துக் கதைகள் பேக்கர் பெயரை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது நியாயமன்று. காசு போட்டு இயக்கும் பொதுச் சலவைக்கூடத்தில் சாயத் துணியை அலச அனுமதி இல்லை. எனவே அந்த வேலையை இரவில் கமுக்கமாக முடித்தார்கள்.

ஜூன் 25 அன்று சான் பிரான்சிஸ்கோவின் தன்பாலீர்ப்பினர் பேரணியில் ஏறிய அந்தக் கொடிகளில் பட்டைகள் எட்டு. அடர் இளஞ்சிவப்பு பாலுறவுக்கு, சிவப்பு உயிருக்கு, ஆரஞ்சு நோய் ஆற்றுதலுக்கு, மஞ்சள் வெயிலுக்கு, பச்சை இயற்கைக்கு, நீலப்பச்சை மாயத்துக்கு, கருநீலம் அமைதிக்கு, ஊதா ஆன்மாவுக்கு என்று பேக்கர் பொருள் வகுத்திருந்தார். அதே ஆண்டு நவம்பர் 27 அன்று ஹார்வி மில்க்கும் மேயர் மாஸ்கோனியும் சுட்டுக் கொல்லப்பட்டனர். துக்கத்தில் கொடி கேட்டு வந்தவர்கள் பெருகினர். கைச்சாயம் கட்டுப்படியாகவில்லை, ஆலைத் துணியிலோ அந்த இளஞ்சிவப்பு கிடைக்கவில்லை. பட்டை ஏழானது. 1979இல் மார்க்கெட் தெருவின் விளக்குக் கம்பங்களில் நெடுக்குவாட்டில் தொங்கவிட்டபோது நடுப்பட்டையைக் கம்பம் மறைத்தது. இரட்டைப்படையாக்க நீலப்பச்சையும் போயிற்று. பாலுறவும் மாயமும் கொள்கை விவாதம் ஏதுமின்றிக் கொடியைவிட்டு இறங்கியது இப்படித்தான். பேக்கர் தன் வடிவமைப்புக்குக் காப்புரிமை கோரவில்லை. உலகெங்கும் எவரும் தைத்துக்கொள்ள முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அவர் 2017இல் காலமானார்.

தனிக் குழுக்களின் கொடிகள் பின்னால் வந்தவை. இருபாலீர்ப்பினருக்கானதை மைக்கேல் பேஜ் 1998இல் அமைத்தார். அடுத்த ஆண்டு, அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய திருநங்கை மோனிகா ஹெல்ம்ஸ் வெளிர்நீலம், இளஞ்சிவப்பு, வெள்ளை கொண்ட திருநர் கொடியை உருவாக்கினார். தலைகீழாகப் பிடித்தாலும் மாறாது. எப்படிப் பறக்கவிட்டாலும் சரியே என்பதுதான் அவர் நோக்கம். 2013இல் ஆஸ்திரேலியாவின் மார்கன் கார்பென்டர் ஊடுபாலினருக்காக ஆண்–பெண் நிறங்களான நீலத்தையும் இளஞ்சிவப்பையும் தவிர்த்து, மஞ்சள் நடுவே ஊதா வளையம் வைத்தார். வானவில்லே எல்லாரையும் குறிக்கும்போது தனிப்பட்டை எதற்கு என்ற சண்டை, 2017இல் பிலடெல்பியா நகரம் கறுப்பும் பழுப்பும் சேர்த்தபோது வலுத்தது. மறு ஆண்டு டேனியல் குவேசர் அவற்றையும் திருநர் நிறங்களையும் அம்புமுனையாக்கிக் கொடியின் இடப்பக்கம் செருகினார். பார்வைக்கு நெரிசலான கொடிதான், ஆனால் அதன் பொருள் எவருக்கும் விளங்கும்.

இந்தியாவின் முதல் பால்புதுமையர் பேரணி 1999இல் கொல்கத்தாவில் நடந்தது. நடந்தவர்கள் பதினைந்து பேர். சென்னையில் 2009 ஜூனில் தொடங்கியது. அப்போது தன்பாலுறவைக் குற்றமாக்கிய பிரிட்டிஷ் காலத்துச் சட்டப் பிரிவு 377 நடைமுறையில் இருந்தது. உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று இசைவான உறவுகளை அதன் பிடியிலிருந்து விடுவித்தது.

பிற நாடுகளில் கொடியின் நிறங்களே வழக்குப் பொருளாகின்றன. ரஷ்யாவில் 2023 நவம்பரில் பால்புதுமையர் இயக்கம் தீவிரவாதம் என்று அறிவிக்கப்பட்ட பின், வானவில் தோடு அணிந்த பெண்ணுக்கு ஐந்து நாள் காவல் விதிக்கப்பட்டது. மலேசிய அதிகாரிகள் 2023 மே மாதம் கடைகளில் புகுந்து 172 வானவில் நிற ஸ்வாட்ச் கைக்கடிகாரங்களைப் பறிமுதல் செய்தனர். அவற்றைத் தடைசெய்யும் ஆணை ஆகஸ்டில்தான் வந்தது. 2024 நவம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் கடிகாரங்களைத் திருப்பித் தரச் சொன்னது. தடையாணையை மட்டும் ரத்து செய்யவில்லை.