அடுப்பும் நிலக்கரியும்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட கிராமங்களில், நூறாண்டுகளுக்கு முன், பெண்களின் பொழுதில் பெரும்பகுதி சவுக்கு மிலாறும் வறட்டியும் சேகரிப்பதிலும், ஊதுகுழலை வாயில் வைத்துப் புகையோடு போராடுவதிலுமே கழிந்தது. மணற்பாங்கான கடற்கரையெங்கும் வளர்ந்த சவுக்குத் தோப்புகளே பட்டணத்து விறகுக் கடைகளையும் நிரப்பின.

1930களில், நெய்வேலியில் கிணறு தோண்டிய ஜம்புலிங்க முதலியாரின் நிலத்திலிருந்து கரிய பொருளொன்று வெளிப்பட்டது. அதன் பயனாக 1956இல் நிறுவப்பெற்ற பழுப்பு நிலக்கரி நிறுவனம், 1962இல் மின்சாரத்தை உற்பத்தி செய்யத் தொடங்கியதோடு, 'லெக்கோ' என்னும் கரிக்கட்டிகளையும் வீடுகளுக்கு வழங்கிற்று. கொட்டாங்கச்சியில் சிறிது மண்ணெண்ணெய் தெளித்து மூட்டி, கட்டிகள் கனலும்வரை விசிறியால் வீசிக்கொண்டிருக்க வேண்டும். பற்றிக்கொண்டபின் புகையின்றி நெடுநேரம் நின்றெரியும். பாத்திரத்தின் அடி கரியேறாததை அக்காலத்துக் குடும்பப் பெண்கள் பெரும் பாக்கியமாகவே கருதினர். பின்னர் எரிவாயு உருளை வந்து லெக்கோவையும் மறக்கடித்தது.

ஆயினும் இச்சௌகரியத்தின் விலையைக் கொடுத்தவர் யார்? நிலக்கரிப் படுகையின் அடியில் பேரழுத்தத்தோடு தேங்கிய நீரை இரவும் பகலும் இறைத்தாலன்றிச் சுரங்கம் நடவாது. அதனால் சுற்றுப்புறக் கிராமங்களின் நீர்மட்டம் தாழ்ந்தது. தானாகவே பொங்கி வயலுக்குப் பாய்ந்த ஊற்றுக்கிணறுகள் வறண்டன. பூர்வீக நிலத்தை விட்டுப் பெயர்ந்த குடியானவர்களின் கதையை கடலூர் மாவட்டத்துச் சரித்திரம் விரிவாக எழுதியே தீர வேண்டும்.