பூட்டின் மறுபக்கம்: பதிப்புரிமைச் சட்டம் 65ஏ பிரிவுக்கு ஓர் உரை

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் கேரளத்திலும் பஸ் பைத்தியம் பிடித்த பையன்கள் விரும்பி ஆடும் மொபைல் கேம் ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’. மலேயோ என்ற இந்தோனேசிய நிறுவனம் 2017-இல் வெளியிட்டது. வண்டியின் முப்பரிமாண உருவத்தையும் அதன் மேல்பூச்சையும் ஆடுபவரே செய்து ஏற்றிக்கொள்ள நிறுவனமே வழி வைத்திருக்கிறது. அதனால்தான் புதுச்சேரியின் கதிர்காமத்துப் பையன், வழுதாவூர் சாலையில் தினமும் பார்க்கும் அரசுப் பேருந்தின் நிறத்தையும் முகப்பையும் தன் போனுக்குள் ஓட்ட முடிகிறது. இப்படிச் செய்யும் மாற்றத்துக்கு மோட் என்று பெயர். பூச்சை மட்டும் மாற்றினால் லிவரி.

எல்லா நிறுவனங்களும் இப்படிக் கதவைத் திறந்து வைப்பதில்லை. ‘ஜிடிஏ’ விளையாட்டுகளின் உரிமையாளரான டேக்-டூ, 2017 ஜூனில் ‘ஓப்பன்ஐவி’ என்ற மோட் கருவியை நிறுத்தச் சொல்லி அறிவிக்கை அனுப்பியது. ஆடுபவர்களின் எதிர்ப்புக்குப் பிறகே இறங்கிவந்தது. ‘ஜிடிஏ 3’, ‘வைஸ் சிட்டி’ இரண்டின் நிரலையும் பிரித்துப் படித்து மறுபடி எழுதியவர்கள் மீது 2021 செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் வழக்கே போட்டது. விளையாட்டு யாருடைய கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பது இந்தச் சண்டையின் ஒரு பாதி. அந்த விளையாட்டு நம்மைப் பற்றி எதையெல்லாம் திரட்டி எங்கே அனுப்புகிறது என்பது மறுபாதி. இரண்டையும் சேர்த்துத் தொடும் ஒரு சட்டப்பிரிவு நம்மிடமே இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ அது. அதையும், அதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய வேறு சில பிரிவுகளையும் எளிய தமிழில் கூறு கூறாகத் தந்து, கீழே உரை எழுதுகிறேன்.

மூலம் 1: 65ஏ, முதல் உட்பிரிவு

*இந்தச் சட்டம் தரும் உரிமைகளைக் காப்பதற்காக வைக்கப்பட்ட பயனுள்ள தொழில்நுட்பப் பாதுகாப்பை, அந்த உரிமைகளை மீறும் நோக்கத்தோடு உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம்.*

உரை: இந்த வாக்கியத்தின் உயிர் ‘மீறும் நோக்கத்தோடு’ என்பதில் இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு என்ற பூட்டை உடைத்தது மட்டும் குற்றமாகாது. எதற்காக உடைத்தார் என்பதையும் நிறுவியாக வேண்டும். அமெரிக்கா 1998-இல் கொண்டுவந்த டிஎம்சிஏ சட்டத்தில் இந்த அளவு இடமில்லை. அங்கே நுழைவைத் தடுக்கும் பூட்டை உடைப்பதே பெரும்பாலும் தவறு. விலக்கு வேண்டுமென்றால் தனியே காட்ட வேண்டும். விளையாட்டைத் திருட்டுப் பிரதியாக்கி விற்க ஒருவர் பூட்டை உடைக்கிறார். தான் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டில் தமிழ் எழுத்துரு தெரிய வைக்க இன்னொருவர் உடைக்கிறார். நம் சட்டம் இருவரையும் ஒரே கூண்டில் ஏற்றவில்லை.

இன்னொரு சொற்றொடரும் முக்கியம்: ‘இந்தச் சட்டம் தரும் உரிமைகளைக் காப்பதற்காக’. ‘வேலரண்ட்’ விளையாட்டோடு 2020-இல் வந்த ‘வேன்கார்ட்’ போல, கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே உள்ளே ஏறி உட்கார்ந்து, மோசடி ஆட்டத்தைக் கவனிக்கும் நிரல்கள் உண்டு. அவை காப்பது ஆட்டத்தின் நேர்மையை. பிரதி எடுக்கும் உரிமையை அல்ல. ஆகவே அவை 65ஏ சொல்லும் பூட்டு ஆகுமா என்பதே விவாதத்துக்குரியது. ‘பயனுள்ள தொழில்நுட்பப் பாதுகாப்பு’ எது என்று சட்டம் வரையறை தரவில்லை. இந்த இடைவெளி நிறுவனங்களுக்கு வசதி. எல்லாவற்றுக்கும் பூட்டு என்று பெயர் சூட்டி மிரட்டல் கடிதம் அனுப்ப அது போதும்.

மூலம் 2: 65ஏ, இரண்டாம் உட்பிரிவு, ஏ கூறு

*இந்தச் சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்யாத ஒரு காரியத்துக்காகப் பூட்டை உடைப்பதை முதல் உட்பிரிவு தடுக்காது.*

உரை: தடைசெய்யாத காரியங்கள் எவை என்பதற்கு அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்குப் போக வேண்டும். முறையாக வைத்திருக்கும் மென்பொருளுக்குக் காப்புப் பிரதி எடுக்கலாம். தானே சட்டப்படி பெற்ற பிரதியிலிருந்து, வணிக நோக்கமில்லாத சொந்தப் பயனுக்காக நகலெடுக்கவும் தழுவி மாற்றவும் செய்யலாம். வீட்டில் உட்கார்ந்து தன் விளையாட்டை மாற்றி ஆடும் பையனுக்கு இதைவிடத் தெளிவான பாதுகாப்பு வேண்டியதில்லை.

ஆனால் ‘முறையாக’, ‘சட்டப்படி’ என்ற சொற்களைத் தாண்டிப் போகக் கூடாது. திருட்டுப் பிரதியில் மோட் ஏற்றுபவருக்கு 52-ஆம் பிரிவு கைகொடுக்காது. திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்துவது 63பி பிரிவின்படி தனிக் குற்றம். ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ‘அன்லிமிடெட் மணி’ என்ற பெயரில் பரவும் உடைத்த ஏபிகே (செயலி நிறுவல்) கோப்புகள் இந்தப் பக்கத்தில் நிற்கின்றன.

மூலம் 3: அதே ஏ கூறின் நிபந்தனை

*அத்தகைய காரியத்துக்காகப் பூட்டை உடைக்கப் பிறருக்கு உதவுபவர், அந்தப் பிறரின் பெயர், முகவரி, அடையாளம் காணத் தேவையான எல்லா விவரங்கள், உதவியின் நோக்கம் ஆகியவற்றை முழுமையாகப் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும்.*

உரை: இந்த நிபந்தனையை நிதானமாகப் படிக்க வேண்டும். ஒருவர் ஒரு சிறு கருவி செய்கிறார். பழைய விளையாட்டு ஒன்று புதிய கம்ப்யூட்டரில் ஓட அது உதவுகிறது. ஆயிரம் பேர் தரவிறக்குகிறார்கள். சட்டத்தின் சொல்லை அப்படியே எடுத்தால், அந்த ஆயிரம் பேரின் பெயரையும் முகவரியையும் அவர் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். காரியமோ சட்டம் அனுமதித்த காரியம். அதைச் செய்ய உதவுபவருக்கு மட்டும் இப்படி ஒரு சுமை.

இந்தப் பதிவேடு தரவுப் பாதுகாப்புக்கு நேர் எதிரானது. காசு வாங்காமல், ஓய்வு நேரத்தில் மோட் செய்யும் ஒரு மாணவரிடம் ஆயிரம் பேரின் முகவரி இருப்பது யாருக்கும் நல்லதல்ல. 2023-இல் வந்த எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தவறுபவருக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்கிறது. ஒரு சட்டம் திரட்டு என்கிறது. இன்னொரு சட்டம் திரட்டினால் பொறுப்பு உன்னுடையது என்கிறது. இரண்டுக்கும் நடுவில் மோட் செய்பவர் அகப்படுகிறார். 2012-இல் இதை எழுதியவர்கள், உதவுபவரும் உதவி பெறுபவரும் நேருக்கு நேர் நிற்கும் ஒரு கடையை மனதில் வைத்திருக்கலாம். மோட் பகிரப்படும் விதத்துக்கு இது பொருந்தவே பொருந்தாது. நீக்கப்பட வேண்டிய நிபந்தனை இது.

ஒரு நுட்பம்: இது ஏ கூறுக்கு மட்டும் ஒட்டிய நிபந்தனை. கீழே வரும் கூறுகளுக்கு ஒட்டவில்லை என்பதே என் வாசிப்பு.

மூலம் 4: டி கூறு

*கம்ப்யூட்டர் அமைப்பின் பாதுகாப்பைச் சோதிக்க, அதன் உரிமையாளரின் அனுமதியோடு செய்வதைத் தடுக்காது.*

உரை: என் போனுக்கு உரிமையாளர் நான். அதில் ஓடும் விளையாட்டு எங்கே தரவு அனுப்புகிறது என்று பார்க்க என் அனுமதியே போதும். நிறுவனத்தின் சர்வர் என்னுடையது அல்ல. அனுமதியின்றி அதற்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆம் பிரிவில் மாட்டும். கெட்ட நோக்கமும் சேர்ந்தால் 66-ஆம் பிரிவு. மோட் செய்பவர்கள் மனதில் வைக்க வேண்டிய எல்லைக்கோடு இதுதான்.

மூலம் 5: எஃப் கூறு

*பயனரை அடையாளம் காணவோ கண்காணிக்கவோ வைத்த தொழில்நுட்ப ஏற்பாட்டை விலக்கத் தேவையான எதையும் செய்வதைத் தடுக்காது.*

உரை: இந்தப் பிரிவு முழுவதிலும் ஆடுபவருக்கு மிகவும் வேண்டிய வரி இது. கண்காணிப்பு ஏற்பாடு பூட்டின் வேடத்தில் வந்தாலும், அதைக் கழற்றுவது 65ஏ-யின்படி குற்றமில்லை.

இது எதற்குப் பயன்படும் என்பதை 2018 ஜூனில் நடந்த ஒன்று காட்டுகிறது. ‘ரெட் ஷெல்’ என்ற சிறு நிரல் பல விளையாட்டுகளுக்குள் இருப்பதை ஆடுபவர்களே கண்டார்கள். விளம்பரத்தைப் பார்த்த ஆள்தான் விளையாட்டை வாங்கினாரா என்று பொருத்திப் பார்ப்பது அதன் வேலை. அதற்காக ஐபி முகவரி, திரையின் அளவு, கம்ப்யூட்டரில் உள்ள எழுத்துருக்கள் போன்றவற்றைச் சேர்த்து ஒவ்வொருவருக்கும் ஒரு கைரேகையே தயாரித்தது. ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்’, ‘கோனன் எக்ஸைல்ஸ்’ உள்ளிட்ட விளையாட்டுகளின் நிறுவனங்கள், கண்டுபிடிக்கப்பட்ட பிறகே அதை எடுத்துவிடுவதாகக் கூறின. கோப்புகளைத் திறந்து பார்க்கும் பழக்கமுள்ளவர்கள் இல்லையென்றால் யாருக்கும் தெரிந்திருக்காது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. பயனர் தரவை அனுமதியின்றி வெளிநாட்டு சர்வர்களுக்கு அனுப்புவதாகச் சொல்லி, 2020 செப்டம்பர் 2 அன்று ஒன்றிய அரசு பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகளைத் தடைசெய்தது. அடுத்த ஆண்டு கிராஃப்டன் நிறுவனம் அதையே இந்தியாவுக்கான ‘பிஜிஎம்ஐ’ ஆகக் கொண்டுவந்தது. 2021 ஜூனில் ‘ஐஜிஎன் இந்தியா’ இதழாளர்கள், தரவுப் போக்கைப் பார்க்கும் ஒரு செயலியைப் போனில் ஓடவிட்டுப் பார்த்து, பெய்ஜிங்கில் உள்ள ஒரு சர்வருக்கும் தரவு போகிறது என்று எழுதினார்கள். அதன் பிறகு அப்டேட் வந்தது. அரசின் தடையால் செயலி போனது, திரும்பியது, 2022-இல் மறுபடி போனது, 2023-இல் மறுபடி வந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று பொதுமக்களுக்குக் காட்டியது பார்த்தவர்களின் கண்.

இந்த வரிக்கும் எல்லை உண்டு. மற்றவர்களோடு சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் மோசடி செய்வதற்கு இதைக் கவசமாக்குவது நேர்மையல்ல. மறுமுனையில் ஆடுபவருக்கும் உரிமை உண்டு.

மூலம் 6: 52-ஆம் பிரிவு, முதல் உட்பிரிவு, ஏசி கூறு

*மென்பொருளின் பின்னால் உள்ள கருத்துகளையும் கோட்பாடுகளையும் அறிய, அதன் இயக்கத்தைக் கவனிப்பதும் ஆராய்வதும் சோதிப்பதும் பதிப்புரிமை மீறல் ஆகாது.*

உரை: சட்டம் இப்படிச் சொல்லும்போது, விளையாட்டைத் திறந்ததும் ‘சம்மதம்’ என்று அழுத்தச் சொல்லும் நீண்ட ஒப்பந்தம் ‘ஆராயக் கூடாது, பிரித்துப் பார்க்கக் கூடாது’ என்கிறது. எது நிற்கும்? ஐரோப்பிய ஒன்றியத்தின் மென்பொருள் நெறிமுறை, இத்தகைய ஒப்பந்த வரி செல்லாது என்று நேராகவே சொல்லிவிட்டது. அமெரிக்காவில் 2005-இல் பிளிசார்ட் நிறுவனத்தின் விளையாட்டுகளுக்கு மாற்று சர்வர் எழுதியவர்கள் மீதான வழக்கில், ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுத்தது விட்டுக்கொடுத்ததுதான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியச் சட்டம் வாய் திறக்கவில்லை. காய் வாங்க வருபவர் தராசைத் திருப்பிப் பார்க்கக் கூடாது என்று கடைக்காரர் பலகை மாட்டினால் நாம் ஒத்துக்கொள்வோமா? நாடாளுமன்றம் கொடுத்த உரிமையை யாரும் படிக்காத ஓர் ஒப்பந்தம் பறிக்க விடக் கூடாது.

மூலம் 7: தரவுப் பாதுகாப்புச் சட்டம், 6, 9-ஆம் பிரிவுகள்

*ஒப்புதல் சுதந்திரமானதாக, குறிப்பிட்டதாக, விவரம் அறிந்ததாக, நிபந்தனையற்றதாக இருக்க வேண்டும். சொன்ன நோக்கத்துக்குத் தேவையான தரவுக்கு மட்டுமே அது செல்லும். பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அவர்களைப் பின்தொடர்வதும் நடத்தையைக் கண்காணிப்பதும் கூடாது.*

உரை: சட்டமே ஓர் எடுத்துக்காட்டு தருகிறது. மருத்துவ ஆலோசனைச் செயலி ஒன்று தொடர்பு எண்களையும் கேட்கிறது. பயனர் இரண்டுக்கும் சம்மதிக்கிறார். ஆலோசனைக்குத் தொடர்பு எண்கள் தேவையில்லை என்பதால் அந்தச் சம்மதம் ஆலோசனைக்கு மட்டுமே செல்லும். பேருந்து ஓட்டும் விளையாட்டு தொடர்பு எண்களைக் கேட்டாலும் இதே விதிதான். ஒப்புதல் கேட்கும் வாசகத்தைத் தமிழிலும் பெறும் வழி வேண்டும் என்கிறது சட்டம். வெளிநாட்டு நிறுவனமானாலும் இங்குள்ளவர்களுக்குச் சேவை தந்தால் இது பொருந்தும். 2025 நவம்பரில் விதிகள் வந்தன; இந்தப் பிரிவுகள் 18 மாத அவகாசத்துக்குப் பின் முழுமையாக நடைமுறைக்கு வர வேண்டும்.

இதே அளவுகோல் மோட் செய்பவருக்கும் உண்டு. 2018 பிப்ரவரியில், விமானம் ஓட்டும் விளையாட்டுக்குக் கூடுதல் விமானம் விற்ற ‘எஃப்எஸ்லேப்ஸ்’, திருட்டுப் பிரதிக்காரரைப் பிடிப்பதற்கென்று பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை எடுக்கும் நிரலைத் தன் நிறுவல் கோப்பில் வைத்திருந்தது அம்பலமானது. 2023 ஜூனில் ‘மைன்கிராஃப்ட்’ மோட்கள் சிலவற்றில் பாஸ்வேர்டு திருடும் வைரஸ் கலந்தது. அதைக் கண்டு ஊரைக் கூட்டியவர்கள் மோட் செய்யும் மற்றவர்களே. ஆகவே தன் கோப்பு எதைத் தொடும், எதைத் தொடாது என்று எழுதி வைப்பதும் பிறர் திறந்து பார்க்க விடுவதும் மோட் வெளியிடுபவரின் கடமை.

தொகுத்துப் பார்த்தால்

‘விவரம் அறிந்த ஒப்புதல்’ என்று தரவுச் சட்டம் சொல்கிறது. அந்த விவரத்தை இப்போது தருவது நிறுவனம் மட்டுமே. அது சொல்வது உண்மையா என்று சரிபார்க்க, விளையாட்டைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒரு சிலராவது அச்சமின்றிப் பார்க்க வேண்டும். 65ஏ-யின் எஃப் கூறும் 52-இன் ஏசி கூறும் அந்தப் பாதுகாப்பைத் தருகின்றன. மூன்றாம் மூலத்தின் பதிவேடும் ஒப்பந்தத்தின் தடை வரியும் அதைப் பிடுங்குகின்றன. பதிவேட்டு நிபந்தனை நீக்கப்பட வேண்டும். ஆராயும் உரிமையை ஒப்பந்தத்தால் பறிக்க முடியாது என்று ஐரோப்பாவில் உள்ளதுபோல ஒரு வரி 52-ஆம் பிரிவில் சேர வேண்டும். அந்த இரண்டு திருத்தங்களும் வரும்வரை, கதிர்காமத்தில் மோட் செய்யும் மாணவர்கள் எஃப் கூறைத் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும். மிரட்டல் கடிதம் வந்தால் முதலில் எடுத்துக் காட்ட வேண்டிய வரி அது.