கே அகாடமிக் யூனியன்

கே அகாடமிக் யூனியன் என்பது தன்பாலீர்ப்புள்ள பேராசிரியர்கள், ஆய்வு மாணவர்கள், நூலகர்கள், எழுத்தாளர்கள் ஆகியோர் சேர்ந்து 1973 மார்ச்சில் நியூயார்க்கில் தொடங்கிய அமைப்பு. அதே ஆண்டு நவம்பர் 23, 24 ஆகிய இரு நாள்களில் ஜான் ஜே குற்றவியல் நீதிக் கல்லூரியில் 'பல்கலைக்கழகங்களும் கே அனுபவமும்' என்னும் தலைப்பில் மாநாடு ஒன்றை இது நடத்தியது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் அதற்கு வந்தார்கள். பாலீர்ப்பு, பாலின அடையாளம் குறித்து இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நடக்கும் மாநாடுகளின் தலைமுறைக் கணக்கை இங்கிருந்து தொடங்குவது வழக்கம். அமைப்பு நெடுநாள் வாழவில்லை. அதற்குள் சந்தித்துக்கொண்டவர்கள் பிறகு செய்த காரியங்களே அதன் பெயரை வரலாற்றில் நிறுத்தியிருக்கின்றன.

பெயரிலுள்ள 'கே' என்ற சொல்லை இன்றைய பொருளில் எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்று அது ஆண்களையும் பெண்களையும் சேர்த்தே குறித்தது. எல்ஜிபிடிக்யூ என்ற எழுத்துக்கோவை அப்போது பிறக்கவே இல்லை. பெண்களில் பலர் தங்களை லெஸ்பியன் என்று தனியே சொல்லிக்கொள்ள விரும்பினார்கள். அந்தச் சொல் வேற்றுமைக்குள் இருந்த மனத்தாங்கல்தான் பின்னால் அமைப்பையே பிளந்தது. தமிழிலும் இந்தச் சொற்கள் படியப் பல ஆண்டுகள் பிடித்தன. சென்னை உயர் நீதிமன்ற வழக்கொன்றைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு 2022இல் சொற்பட்டியல் ஒன்றை அரசிதழில் வெளியிட்டது நினைவிருக்கலாம். இக்கட்டுரையில் தன்பாலீர்ப்பு என்பது இருபாலருக்கும் பொதுவாக வருகிறது.

பின்னணி

1973க்கு முந்தைய அமெரிக்கக் கல்லூரிகளில் தன்பாலீர்ப்புள்ள ஆசிரியர்கள் இல்லாமல் இல்லை. வெளியே தெரியாத வரைக்கும் அவர்கள் இருக்கலாம். தெரிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எல்லாரும் அறிந்த உதாரணம் மாசசூசெட்ஸிலுள்ள ஸ்மித் கல்லூரி. நாவலாசிரியர் மெல்வில்லின் வாழ்க்கை வரலாற்றுக்காகத் தேசிய நூல் விருது பெற்ற இலக்கியப் பேராசிரியர் நியூட்டன் ஆர்வினின் வீட்டை 1960இல் காவல் துறை சோதனையிட்டது. சிக்கியவை ஆண்களின் உடற்கட்டுப் படங்கள் கொண்ட பத்திரிகைகளும் அவருடைய நாட்குறிப்புகளும். ஆர்வினைக் கல்லூரி ஓய்வில் அனுப்பியது. அவரோடு சேர்ந்து சிக்கிய இளம் ஆசிரியர் இருவர் வேலை இழந்தார்கள்.

பத்து ஆண்டு கழித்தும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. 1970இல் மைக்கேல் மெக்கானெல் என்ற நூலகருக்கு மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வேலை உறுதியாகியிருந்தது. அந்த வேளையில் அவர் தம் துணைவர் ஜாக் பேக்கருடன் திருமண உரிமத்துக்கு விண்ணப்பித்தார். செய்தி நாளிதழ்களில் வந்ததும் பல்கலைக்கழக ஆட்சிக்குழு நியமனத்தை மறுத்துவிட்டது. கீழ் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 1971இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. நூல்களை அடுக்கிவைக்கும் வேலைக்கே இந்தப் பாடு என்றால் வகுப்பறையில் நிற்பவர் எத்தனை முறை யோசித்திருப்பார்!

துணிவு முதலில் மாணவர்களிடமிருந்து வந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மாணவர் ஹோமோஃபைல் (தன்பாலீர்ப்பினரைக் குறித்த அக்காலச் சொல்) கழகம் 1967 ஏப்ரல் 19 அன்று அதிகாரபூர்வ அனுமதி பெற்றது. இத்தகைய மாணவர் அமைப்புகளில் நாட்டிலேயே முதலாவது அதுதான். அதை நிறுவிய மாணவர் ஸ்டீஃபன் டோனல்ட்சன் என்ற புனைபெயரில்தான் இயங்கினார். பாடத்திட்டத்தில் கைவைத்தவர் நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஆங்கிலப் பேராசிரியர் லூயி கிராம்ப்டன். 1970இல் தன்பாலீர்ப்பைப் பற்றிப் பல துறை சார்ந்த பாடமொன்றை அவர் நடத்தினார். மாநிலச் சட்டமன்றத்தில் எதிர்ப்பு கிளம்பியது. பாடம் மறு ஆண்டு தொடரவில்லை. இடையில் 1969 ஜூனில் நியூயார்க்கின் ஸ்டோன்வால் மதுக்கூடத்தில் காவல் துறைச் சோதனையை எதிர்த்துக் கிளர்ச்சி மூண்டு, தெருவில் பேச்சு மாறியிருந்தது. கல்லூரி மாடியில் அது கேட்கச் சில ஆண்டுகள் ஆயின.

தோற்றம்

1973 மார்ச்சில் மன்ஹாட்டனில் ஒரு குடியிருப்பில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் கூடிப் பேசியதில் அமைப்பு உருவாயிற்று. மாதங்கள் செல்லச் செல்ல வட்டம் விரிந்தது. அதில் நன்கு அறியப்பட்டவர் மார்ட்டின் டூபர்மன். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் லேமன் கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியர், நாடக ஆசிரியர். 1972இல் வெளியான 'பிளாக் மவுன்டன்' நூலில் தம்மைப் பற்றி வெளிப்படையாக எழுதிவிட்டவர். ஜான் டெமிலியோ அப்போது கொலம்பியாவில் ஆய்வு மாணவர். ஜோனத்தன் நெட் காட்ஸ் பட்டம் எதுவும் இல்லாதவர். துணிகளுக்கு வடிவம் வரைந்து பிழைத்துக்கொண்டே பழைய ஆவணங்களைத் தோண்டியவர். ஜோன் நெஸில் குயின்ஸ் கல்லூரியில், வசதி குறைந்த குடும்பங்களிலிருந்து வந்த மாணவர்களுக்கு எழுத்துப் பயிற்சி அளித்தவர். பெர்த்தா ஹாரிஸ் நாவலாசிரியர்.

'அகாடமிக்' என்ற பெயரைக் கேட்டு ஹார்வர்டு, யேல் கோபுரங்களை நினைத்தால் ஏமாந்துபோவோம். முன்னணியில் நின்றவர்களில் பலர் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடையவர்கள். அன்று உள்ளூர் மாணவர்களிடம் கல்விக் கட்டணம் வாங்காத, தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் படித்த அரசுப் பல்கலைக்கழகம் அது. புகழ்பெற்ற நிறுவனங்களில் இருந்தவர்களுக்கு இழக்க நிறைய இருந்தது என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

அமைப்பு தன் நோக்கங்களை ஐந்தாக வகுத்தது. கல்விப் புலத்தில் பெண்களுக்கு எதிரான எல்லாப் பாகுபாட்டையும் எதிர்ப்பது அதில் முதலாவது. தன்பாலீர்ப்பினருக்கு எதிரான பாகுபாட்டை எதிர்ப்பது இரண்டாவதாகவே வருகிறது. தம்மை வெளிப்படுத்திக்கொள்ள முன்வரும் கல்வியாளர்களுக்குத் துணை நிற்பது, தன்பாலீர்ப்பு வாழ்வை ஆராயப் புதிய வழிகளை ஊக்குவிப்பது, அதைப் பாடமாக நாடெங்கும் கற்பிக்கச் செய்வது ஆகியவை எஞ்சியவை. இந்த வரிசை தற்செயலானது அல்ல. பெண் உறுப்பினர்கள் வாதாடிப் பெற்ற முதலிடம் அது. ஆண்களில் எத்தனை பேர் அதை மனத்தார ஏற்றார்கள் என்பது விரைவில் தெரிந்துபோயிற்று.

1973 மாநாடு

மாநாட்டு நாள்களைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். அவ்வாண்டு நன்றியறிதல் திருநாள் நவம்பர் 22, வியாழன். மறுநாளும் அதற்கடுத்த நாளும் மாநாடு. அமெரிக்கக் குடும்பங்கள் ஒன்றுகூடி உண்ணும் விடுமுறை அது. நம்மூர்ப் பொங்கல் விடுப்பைப் போல. கல்லூரி காலியாக இருக்கும் என்பது நடைமுறை வசதி. விருந்து மேசையிலிருந்து எழுந்து வந்தவர்களுள் சிலருக்கேனும், எங்கே போகிறாய் என்று வீட்டார் கேட்டதற்குப் பதில் சொல்வது எளிதாக இருந்திராது.

இடமும் விசித்திரமானது. ஜான் ஜே கல்லூரி 1964இல் காவல் அறிவியல் கல்லூரி என்ற பெயரில் நிறுவப்பட்டது. நியூயார்க் காவலர்கள் பட்டம் பெறச் செல்லும் இடம். வயது வந்த இருவர் மனமொத்து வைத்துக்கொள்ளும் தன்பால் உறவு அம்மாநிலத்தில் அன்றும் குற்றமே. மாநிலத்தின் உச்ச அமைப்பான மேல்முறையீட்டு நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது 1980இல்தான். சட்டம் யாரைப் பிடிக்கச் சொன்னதோ அவர்களே, பிடிக்கக் கற்பிக்கும் கட்டடத்துக்குள் பெயர் அட்டை குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முக்கிய உரையாற்றியவர்களில் டூபர்மனோடு பார்பரா கிட்டிங்ஸும் ஒருவர். கல்வியாளர் மாநாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பேச்சாளர் கிடைத்திருக்க முடியாது என்பதற்குக் காரணம் அவர் பட்டம் பெறாதவர் என்பதுதான். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படிக்கும்போது, தான் யார் என்பதற்கு விளக்கம் தேடி அவர் நூலகம் நூலகமாக அலைந்தார். கிடைத்ததெல்லாம் மனநோய் நூல்களும் குற்றவியல் நூல்களும். வகுப்புகளைத் தவறவிட்டுத் தேர்வில் தோற்று வீடு திரும்பினார். அதே கிட்டிங்ஸ் 1958இல் 'டாட்டர்ஸ் ஆஃப் பிலிடிஸ்' என்ற லெஸ்பியன் அமைப்பின் நியூயார்க் கிளையைத் தொடங்கினார். அவ்வமைப்பின் 'தி லேடர்' இதழுக்கு 1963 முதல் 1966 வரை ஆசிரியராக இருந்தார். 1965இல் வெள்ளை மாளிகை முன் பதாகை ஏந்தி நடந்தார். பிறகு அமெரிக்க நூலகச் சங்கத்தின் கே விடுதலைப் பணிக்குழுவை வழிநடத்தி, நூலகத்தில் தனக்குக் கிடைக்காத புத்தகங்களின் பட்டியலைத் தானே தயாரித்தார். அவர் நூலகரும் இல்லை.

அந்த நூல்கள் மனநோய் அலமாரியில் ஏன் இருந்தன என்ற கேள்வி அன்று ஏட்டளவில் நிற்கவில்லை. தன்பாலீர்ப்பு அப்போதும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இருந்தது. மாநாடு முடிந்து சரியாக மூன்று வாரத்தில், டிசம்பர் 15 அன்று, அச்சங்கத்தின் அறங்காவலர் குழு அதைப் பட்டியலிலிருந்து நீக்க வாக்களித்தது. மாநாட்டின் விளைவு அது என்று சொன்னால் மிகையாகிவிடும். அதற்கான போராட்டம் 1970 முதலே நடந்தது. கிட்டிங்ஸுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் ஜான் ஜே கல்லூரியில் கூடியவர்கள் மருத்துவ ஏடுகளின்படி நோயாளிகளாக நுழைந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

மாநாட்டு உரைகளும் விவாதங்களும் 1974இல் தொகுப்பாக வெளிவந்தன. அதில் நடத்தியவர்கள் தங்களைக் கே அகாடமிக் யூனியனின் பெண்களும் ஆண்களும் என்று, பெண்களை முன்வைத்தே குறிப்பிட்டார்கள்.

பிளவு

அச்சில் கொடுத்த முதலிடத்தை அறையில் கொடுக்கவில்லை என்பது பெண்களின் குறை. கூட்டங்களில் ஆண்கள் எண்ணிக்கையில் மிகுந்திருந்தார்கள், பேச்சிலும் அப்படியே. பெண்ணுரிமை பற்றிய விவாதம் எழுந்தால், நாம் கூடியது இதற்கா என்று சலித்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். இன்னொரு புறம், இது மற்றத் துறைச் சங்கங்களைப்போல் ஆய்வுக்கட்டுரை வாசிக்கும் சங்கமா, சமூகத்தை மாற்றும் இயக்கமா என்ற சண்டை. முதல் தரப்புக்குப் பதவி உயர்வும் மதிப்பும் கண்ணில் பட்டன. இரண்டாம் தரப்புக்கு அந்த மதிப்பே சந்தேகத்துக்குரியது. 1970களின் நடுவில் பெண்களில் பெரும்பாலோர் வெளியேறினார்கள். டூபர்மன் உள்ளிட்ட இடதுசாரி ஆண்களும் விலகினார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் முதலிய நகரக் கிளைகள் சில காலம் தொடர்ந்து இயங்கின. தொடக்கத்தின் வேகம் அவற்றில் இல்லை.

விளைவுகள்

தோல்வி என்று கணக்கை மூடிவிட முடியாதபடி செய்தவர்கள் விலகிப்போனவர்களே. யூனியனுக்குள் பெண்கள் தங்களுக்குள் கூடி அனுபவம் பகிர்ந்துகொண்ட சிறு குழு ஒன்றிலிருந்துதான் லெஸ்பியன் ஹெர்ஸ்டரி ஆவணக்காப்பகம் முளைத்தது. ஜோன் நெஸில், டெபோரா எடெல் முதலியோர் 1974இல் தொடங்கிய அது, நெஸிலின் மன்ஹாட்டன் வீட்டில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இருந்தது. கடிதம், நிழற்படம், மலிவுப் பதிப்பு நாவல் என எதையும் தள்ளாமல் சேர்த்தார்கள். பார்க்க வருபவரிடம் ஆய்வாளர் சான்று கேட்பதில்லை என்பது விதி. 1993இல் புரூக்ளினில் சொந்தக் கட்டடம் திறந்தது.

காட்ஸ் தோண்டிய ஆவணங்கள் 1976இல் 'கே அமெரிக்கன் ஹிஸ்டரி' என்ற தடித்த நூலாயின. டெமிலியோவின் ஆய்வேடு 1983இல் நூலாக வந்து, ஸ்டோன்வாலுக்கு முந்தைய இரு பத்தாண்டு இயக்க வரலாற்றை நிலைநிறுத்தியது. வரலாறு இல்லாத மக்கள் என்று எண்ணப்பட்டவர்களுக்குப் பத்தே ஆண்டில் அடிக்குறிப்புகளோடு வரலாறு கிடைத்துவிட்டது.

பிந்தைய மாநாடுகள்

பெரிய பல்கலைக்கழகங்கள் தாமதமாகவே கதவு திறந்தன. வரலாற்றாசிரியர் ஜான் பாஸ்வெல் பணியாற்றிய யேலில் 1987 முதல் மூன்று ஆண்டுகள் லெஸ்பியன், கே ஆய்வு மாநாடுகள் நடந்தன. அடுத்தது 1990இல் ஹார்வர்டில். அதே ஆண்டு பிப்ரவரியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்தில் தெரேசா த லொரேட்டிஸ் நடத்திய மாநாட்டில்தான் 'குயர் கோட்பாடு' என்ற தொடர் அறிவுலகுக்கு அறிமுகமாயிற்று. வசைச்சொல்லை எடுத்துக் கோட்பாட்டின் பெயராக வைத்தது வேண்டுமென்றே செய்த சீண்டல்.

மாணவர்கள் தங்களுக்கெனத் தனிப் பாதை போட்டுக்கொண்டார்கள். நடுமேற்கு மாநிலக் கல்லூரி மாணவர்களின் ஆண்டு மாநாடு 1993இல் ஐயோவாவின் டிரேக் பல்கலைக்கழகத்தில் தொடங்கி ஊர் ஊராகச் சுற்றியது. அதன் நீண்ட பெயரில் பாலீர்ப்பு, பாலின அடையாளங்களைக் குறிக்கும் எழுத்துகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே வந்தன. அவற்றுள் 'ஏ' முன்பு ஆதரவாளரைக் குறித்தது; பிறகு பாலீர்ப்பு இல்லாதவரைக் குறிப்பதாக மாறிற்று.

டூபர்மன் 1980களில் இத்துறைக்கென ஆய்வு மையம் ஒன்றை அமைக்க யேலோடு பேச்சு நடத்தினார். நிரந்தரப் பேராசிரியர்களிடம் மட்டும் அதிகாரம் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையில் பேச்சு முறிந்தது. மையம் 1991இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்திலேயே அமைந்தது. பட்டமும் பதவியும் இல்லாதவர்களையும் சேர்த்துக்கொண்ட பழைய யூனியனின் பாடத்தை அவர் மறக்கவில்லை என்று இதைப் படிக்கலாம். மையத்தின் ஆண்டுச் சிறப்புச் சொற்பொழிவு 1992இல் தொடங்கியபோது முதல் உரைக்கு அழைக்கப்பட்டவர் ஜோன் நெஸில். அவர் பேசியது மேபல் ஹாம்ப்டனைப் பற்றி: இளமையில் ஹார்லெமில் நடனமாடி, பின் பிறர் வீடுகளில் வேலை செய்து வாழ்ந்து, தாம் சேர்த்துவைத்திருந்த லெஸ்பியன் நாவல்களை ஆவணக்காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டு 1989இல் மறைந்த கறுப்பினப் பெண்.