பெயர் தெரியாத வலி

வலிக்குப் பெயர் தெரியாவிட்டால் அதை எப்படிச் சொல்வது? 1970-ல் பர்மிங்காமைச் சேர்ந்த இருபது வயது இளைஞர் ஒருவர், தவறான பெயரை வைத்தே சொல்லிவிட்டார்.

அந்த ஆண்டு பிளாக் சாபத் குழு தன் இரண்டாவது ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தது. நீளம் கொஞ்சம் குறைந்தது. இன்னொரு சின்னப் பாட்டு வேண்டும். கிதார் கலைஞர் டோனி அயோமி ஒரு மெட்டைப் பிடித்தார். பேஸ் கிதார் வாசித்த கீசர் பட்லர் அவசர அவசரமாக வரிகளை எழுதிக் கொடுத்தார். ஓஸி ஆஸ்போர்ன் பாடினார். மூன்று நிமிடம்கூட ஓடாத அந்த ‘பாரனாய்ட்’ இங்கிலாந்தில் நான்காம் இடம்வரை போனது. ‘வார் பிக்ஸ்’ என்று வைக்கவிருந்த ஆல்பத்துக்கும் கடைசியில் அதன் பெயரே வந்தது.

பாரனாய்ட் என்றால், எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று பயப்படுபவர். பாட்டில் அப்படி எதுவும் இல்லை. தலைப்புச் சொல்கூட வரிகளில் எங்கும் வராது. அதில் பேசுபவன் யாரைக் கண்டும் பயப்படவில்லை. அவனால் சந்தோஷப்பட முடியவில்லை, அவ்வளவுதான். அது டிப்ரஷன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அப்போது தனக்குத் தெரியாது என்று பட்லரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ஏன் தெரியவில்லை? நால்வரும் பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதியில் வளர்ந்த, தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். ஓஸி இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். அயோமியின் வலது கையில் இரண்டு விரல் நுனிகள் தொழிற்சாலை இயந்திரத்தில் சிக்கிப் போயின. வெட்டுப்பட்ட விரலை யாரிடமும் காட்டலாம். மனசு சரியில்லை என்று எங்கே போய்ச் சொல்வது? இங்கிலாந்தில் 1961 வரை தற்கொலைக்கு முயல்வதே குற்றம். தன் நோய்க்குச் சரியான பெயரும் மருந்தும் பட்லருக்குக் கிடைத்தது பல பத்தாண்டுகள் கழித்துத்தான்.

ஆனால் கேட்டவர்களுக்குப் பெயர் தேவைப்படவில்லை. விமர்சகர்கள் பலர் வெறும் இரைச்சல் என்று ஒதுக்கியபோதும், இளைஞர்கள் அதில் தங்களைக் கண்டுகொண்டார்கள். 1984-ல் மெட்டாலிகாவின் ‘ஃபேட் டு பிளாக்’, 2000-ல் லிங்கின் பார்க்கின் ‘ஹைப்ரிட் தியரி’ என்று, உள்வலியை ஒளிக்காமல் சத்தமாகச் சொல்லும் வழக்கம் தொடர்ந்தது. 2025 ஜூலை 5 அன்று ஆஸ்டனின் வில்லா பார்க் மைதானத்தில் நால்வரும் சேர்ந்து கடைசியாக வாசித்த பாட்டு ‘பாரனாய்ட்’தான். பதினேழு நாள் கழித்து ஓஸி இறந்தார்.

பாட்டுக்குத் தப்பான பெயர் வைத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. மனிதருக்கு அந்த வசதி கிடையாது. நம் பேச்சையே பாருங்கள். ரிலீஸ் தேதி நெருங்கும்போது வரும் ஸ்ட்ரெஸும் ‘மன அழுத்தம்’, படுக்கையை விட்டு எழவே முடியாத டிப்ரஷனும் ‘மன அழுத்தம்’. முதலாவது ரிலீஸோடு தீர்ந்துவிடும், மற்றது தீராது. ‘மனச்சோர்வு’ என்றொரு சொல் இருக்கிறது. பேச்சில் அதை யாரும் எடுப்பதில்லை. அதனால் இரண்டு பேருக்கும் கிடைப்பது ஒரே பதில்: “ரெண்டு நாள் லீவு போடுப்பா, சரியாயிடும்.”