பிரட்றிக் கோட்டை: கோணேசர் மலையில் ஒரு கோமகனின் பெயர்

திருகோணமலையில் கோணேசரை வழிபடப் போகிறவர்கள் ஒரு கோட்டை வாசலைக் கடந்துதான் போக வேண்டும். வாசலில் பிரித்தானிய அரச சின்னம் இருக்கிறது. பழைய தமிழ்க் கல்வெட்டுத் துண்டொன்றும் இரட்டைக் கயலும் அதே வாசலில் உள்ளன. உள்ளே இராணுவ முகாம். தினமும் எத்தனையோ பேர் வாயில் வரும் 'பிரட்றிக்' என்ற பெயர் யாருடையது?

மன்னர் மூன்றாம் ஜோர்ஜின் இரண்டாவது மகனும், பிரித்தானியத் தரைப்படையின் தலைமைத் தளபதியுமான யோர்க் கோமகன்தான் அவர். 1803இல் கோட்டைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அவர் இலங்கையைக் கண்ணால் கண்டதில்லை.

கோட்டை அவரைவிட மூத்தது. 1620களில் போர்த்துக்கீசத் தளபதி கொன்ஸ்ரன்ரைன் டி சா கோணேசர் ஆலயத்தை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே இதைக் கட்டினார். அன்று போர்த்துக்கல்லின் முடி ஸ்பெயின் மன்னரிடம் இருந்தது. 1639இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனுடன் சேர்ந்து ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தனர். 1782இல் ஒரே ஆண்டுக்குள் அது பிரித்தானியரிடம் போய், பின் பிரெஞ்சுக்காரரிடம் போனது. சமாதான உடன்படிக்கையோடு மறுபடி ஒல்லாந்தரிடமே வந்தது.

அடுத்த கைமாற்றம் ஏறக்குறைய ஒரு குடும்ப விவகாரம். 1795இல் பிரெஞ்சுப் படை நெதர்லாந்துக்குள் புகுந்தபோது, அந்நாட்டின் ஆட்சித் தலைவரான ஒரேஞ்ச் இளவரசர் ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்குத் தப்பியோடினார். மூன்றாம் ஜோர்ஜ் அவரைக் கியூ அரண்மனையில் தங்க வைத்தார். அங்கிருந்தபடி வில்லியம், ஒல்லாந்தரின் கடல்கடந்த கோட்டைகளுக்குள் பிரித்தானியப் படையை அனுமதிக்குமாறு ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்.

வில்லியமின் தாய் ஆன், ஜோர்ஜின் தந்தையுடன் கூடப் பிறந்தவர். நம் முறைப்படி ஜோர்ஜுக்கு அவர் மாமி, வில்லியம் மச்சான். யோர்க் கோமகன் மணந்த பிரஷ்ய இளவரசி பிரெடெரிக்காவுக்கோ, வில்லியமின் மனைவி வில்ஹெல்மினா தகப்பன் வழி மாமி. ஆக, மச்சான் வீட்டில் அடைக்கலம் புகுந்தவர் எழுதிய கடிதம் திருகோணமலையின் எசமானை மாற்றப் போதுமானதாக இருந்தது. இந்த மண்ணில் வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

ஆனால் கோட்டையிலிருந்த ஒல்லாந்த அதிகாரி உடனே கதவைத் திறக்கவில்லை. பிரித்தானியர் முற்றுகையிட்டுப் பீரங்கியால் சுட்டனர். ஆகஸ்ட் மாதம் கோட்டை பணிந்தது. 1802இல் அமியன் உடன்படிக்கை இலங்கையின் கரையோரத்தை முறைப்படி பிரித்தானியருக்குக் கொடுத்தது.

இன்னொரு கோமகனும் இக்கதையில் உண்டு. 1800இன் இறுதியில் கேணல் ஆதர் வெல்லஸ்லி படையுடன் இங்கு தங்கினார். 1814இல் வெலிங்டன் கோமகனானவர் இவரே. கோட்டைக்குள் அவர் பெயரில் ஒரு வீடு இருக்கிறது. அவர் இங்கே நோயுற்றதால் மூழ்கிப்போன கப்பலொன்றில் ஏறாமல் தப்பினார் என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. உண்மையில் அவர் காய்ச்சலில் விழுந்தது பம்பாயில்.

ஆலயம் இந்தக் கோமகன்களை விடவும் பொறுமையாகக் காத்திருந்தது. 1950இல் கோட்டைக்கு அருகே கிணறு தோண்டியபோது புதைந்திருந்த பழைய தெய்வச் சிலைகள் வெளிப்பட்டன. மலையுச்சியில் ஆலயத்தை மீண்டும் கட்டி, 1963இல் குடமுழுக்குச் செய்தார்கள். கோட்டையின் பெயரை எவரும் மாற்றவில்லை.