மண்கோட்டையும் மொழிக்கோட்டையும்

சங்கரன்கோவிலில் வாழும் நமக்கு மண்ணின் பெருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கோமதியம்மன் திருக்கோயிலில் வழங்கப்பெறும் புற்றுமண்ணை நெற்றியில் இட்டு, ஒரு துளியை நாவிலும் இட்டு, நோய் தீரும் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். அத்தகைய நாமே, நம் முன்னோர் போரிட்ட கோட்டைகள் மண்ணால் ஆனவை என்று சொல்லக் கூசுகிறோம். இக்கூச்சம் தேவையற்றது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பள்ளி மாணவியாக இருந்தபோது பாஞ்சாலங்குறிச்சிக்குச் சுற்றுலா சென்றேன். 1974ஆம் ஆண்டு தமிழக அரசு எழுப்பிய நினைவுக்கோட்டையைக் கண்டு, கட்டபொம்மன் வாழ்ந்த கோட்டையே அது என மயங்கி மகிழ்ந்தேன். உடன் வந்த ஆசிரியை, "இது பிற்காலத்தில் கட்டியது, பழைய கோட்டை அதோ" என்று ஒரு மேட்டைக் காட்டினார். "இவ்வளவுதானா?" என்று கேட்டேன். அந்த மேடே உண்மையான பெருமைக்குரியது என்பதை உணர எனக்குப் பல்லாண்டுகள் ஆயின.

நம் வட்டாரத்து அரண்கள்

பாஞ்சாலங்குறிச்சிக்கு அரைநூற்றாண்டு முன்பே நம் ஊருக்கு அண்மையிலுள்ள நெற்கட்டும்செவலில் இவ்வரலாறு தொடங்கிவிட்டது. 1755இல் கும்பினிப் படைத்தலைவர் கர்னல் எரான் புலித்தேவரின் கோட்டைமுன் வந்து நின்றார். கோட்டையைக் கைப்பற்ற இயலாமல் திரும்பினார். பின்னர் யூசுப்கான் நெடுநாள் போரிட்டு, 1761இல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளையும் பிடித்தார். 1767இல் வாசுதேவநல்லூரில் மீண்டும் போர் மூண்டது. கர்னல் காம்பெல்லின் பீரங்கிகள் மதிலைப் பிளக்கப் பிளக்க, உள்ளிருந்தோர் பனைமரத் துண்டுகளாலும் வைக்கோலாலும் பிளவுகளை அடைத்தவண்ணம் நின்றனர். குண்டுபட்ட கல்மதிலைக் கொத்தர்தாம் சீர்செய்ய இயலும். மண்மதிலையோ ஊரார் எவரும் சீர்செய்யலாம். இந்த வேறுபாட்டை நாம் நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

புலித்தேவர் நம் திருக்கோயிலுள் புகுந்து சோதியில் மறைந்தார் என்பது இவ்வூர் மக்களின் நம்பிக்கை. கோட்டையை இழந்த வீரனுக்குக் கோயிலில் இடம் தந்த மக்கள் மனத்தை அதில் காண்கிறோம்.

வீழ்ந்ததும் எழுந்ததும்

1799 செப்டம்பர் 5ஆம் நாள் மேசர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். முதல் தாக்குதலில் ஆங்கிலேய அதிகாரிகள் சிலர் மாண்டனர், கோட்டை நின்றது. ஆயினும் பெரும்பீரங்கி வருமுன் கட்டபொம்மன் வெளியேறினார். புதுக்கோட்டைப் பகுதியில் பிடிபட்டு, அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது.

1801 பிப்ரவரி 2ஆம் நாள் ஊமைத்துரையும் உடனிருந்தோரும் சிறையிலிருந்து தப்பினர். பிப்ரவரி 9ஆம் நாள் மேசர் மெக்காலே படையுடன் பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்தபோது, தரைமட்டமாகக் கிடந்த மதில்கள் எழுந்து நின்றன! இடைப்பட்டது ஒரு வாரமே. அப்படையில் இருந்த ஜேம்சு வெல்சு என்னும் அதிகாரி, தாம் அடைந்த வியப்பை 1830இல் வெளிவந்த தம் போர் நினைவு நூலில் மறைக்காமல் எழுதியுள்ளார்.

அக்கோட்டையின் அளவையும் அவரே தருகிறார். ஏறத்தாழ 500 அடி நீளமும் 300 அடி அகலமும் கொண்ட ஒழுங்கற்ற நீள்சதுரம். 12 அடி உயர மதில். சிறு சிறு கொத்தளங்கள். சுற்றிலும் அடர்ந்த முள்வேலி. அகழி கிடையாது, கல்லும் கிடையாது, முழுவதும் இறுகிய மண். இதனை மார்ச்சு 31ஆம் நாள் தாக்கிய படை, உள்ளிருந்தோரின் நீண்ட ஈட்டிகளுக்கு ஆற்றாது பெருஞ்சேதத்துடன் பின்வாங்கியது. கர்னல் அக்னியூ கூடுதல் படையும் பீரங்கிகளும் கொண்டு வந்த பின்னரே, மே 24ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது.

ஒரு வாரத்தில் கோட்டை எழுந்தது எவ்வாறு? எழுப்பத் தேவையான பொருள் காலடியிலேயே கிடந்தது. எழுப்பும் கைகள் ஊர்தோறும் இருந்தன. இடித்தவர் மதிலைக் கோட்டை என்று எண்ணினர். கோட்டையோ மண்ணிலும் மக்களிடத்தும் இருந்தது.

கடல் கடந்த ஒப்புமை

இடித்த ஆங்கிலேயரின் நாட்டிலும் இடிந்த கோட்டைகள் உண்டு. 17ஆம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போரில், மேரி பாங்க்சு என்னும் பெருமாட்டி காத்து நின்ற கார்பு கோட்டையை, 1646இல் பாராளுமன்றப் படை கைப்பற்றி வெடிமருந்தால் தகர்த்தது. பகைவர் மீண்டும் புகுந்து போரிடலாகாது என்பதே நோக்கம். தம் நாட்டில் செய்ததையே அவர்கள் இங்கும் செய்தனர். தென்கரையிலுள்ள பெவன்சி கோட்டையோ பன்னூறு ஆண்டுகளாகப் பாழடைந்து கிடந்தது. 1940இல் செருமானியப் படையெடுப்பை அஞ்சியபோது, அதன் சிதைந்த சுவர்களுக்குள்ளேயே இயந்திரத் துப்பாக்கி மேடைகளை மறைத்துக் கட்டினர்.

பாழ்பட்ட கோட்டையும் போர்க்காலத்தில் உயிர்பெறும் என்பதற்கு இரு நாடும் சான்று. ஆயினும் அங்கே சாய்ந்து நிற்க ஒரு சுவர் எஞ்சியிருந்தது. பாஞ்சாலங்குறிச்சியில் எஞ்சியது வெறுந்தரையே. அவர்களின் கல் இன்றும் நின்று தன் கதையைத் தானே சொல்கிறது. நம் மண் மீண்டும் மண்ணோடு கலந்துவிட்டது.

உழுத நிலமும் உழாத நினைவும்

இரண்டாம் முறை வீழ்ந்த பின் கோட்டையிருந்த இடத்தை ஏர்பூட்டி உழுது ஆமணக்கு விதைத்தனர் என்பர். சங்கநூற் பயிற்சியுடையார்க்கு இது புதிதன்று. பகைவர் அரணைக் கழுதை ஏர் பூட்டி உழுதலை, பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையார் புறநானூற்றில் குறிக்கிறார்; அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடிய ஔவையார், அவ்வாறு உழுத நிலத்தில் வரகும் கொள்ளும் விதைத்தலையும் குறிக்கிறார். மதில் வளைத்தலை உழிஞை என்றும், மதில் காத்தலை நொச்சி என்றும் வகுத்தது நம் இலக்கண மரபு. வென்றவரின் உழிஞை அரசாங்க ஏடுகளில் உள்ளது. நொச்சியைப் பாடியவர் யார்?

நாட்டுப்புறப் புலவர்களே பாடினர். அவர்தம் கதைப்பாடல்களை நா. வானமாமலை போன்ற அறிஞர்கள் தேடிப் பதிப்பித்திராவிடின் அவையும் மண்ணோடு மண்ணாகியிருக்கும்.

இங்கே ஊமைத்துரையை எண்ணிப் பார்க்கிறேன். வாய் பேசாத அவர் படை நடத்திய வகையை வெல்சு எழுதுகிறார். இடது உள்ளங்கையில் சிறு வைக்கோல் துணுக்குகளைப் பரப்பி அவற்றை ஆங்கிலப் படையெனக் காட்டுவார். பின் வலக்கையால் வாரித் தள்ளி, வாயால் ஓர் ஒலி எழுப்புவார். அதுவே தாக்குதலுக்கு ஆணை. கோட்டை வீழ்ந்த நாளில் அவர் காயமுற்றுப் பிணங்களிடையே கிடந்தார். மகனைத் தேடி வந்த தாயிடம், இறக்கும் தறுவாயிலிருந்த மகன் தன்னை விடுத்துச் சாமியைக் காக்குமாறு வேண்டினானாம். தேடி வந்த படையினரிடம், அம்மை கண்டு இறந்த பிள்ளை என்று சொல்லி, ஊமைத்துரையின்மேல் துணிபோர்த்திக் காத்தனர் பெண்கள். அவ்வாண்டு நவம்பர் 16ஆம் நாள் அவர் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார். அப்பெண்களின் பெயர்களை வெல்சு தரவில்லை. அப்போரில் மாண்ட ஆங்கிலேயருக்கு அங்கே கல்லறைகள் இன்றும் உள்ளன. கூடை சுமந்து மதில் எழுப்பியோர்க்கு ஒரு நடுகல்லும் இல்லை.

கவிஞர்களுக்கு ஒரு சொல்

நம் வட்டத்தின் கவியரங்குகளில் வானளாவிய மதில் என்றும் கருங்கல் அரண் என்றும் பாஞ்சாலங்குறிச்சியைப் பாடக் கேட்டிருக்கிறேன். நானும் அவ்வாறு எழுதியதுண்டு. 1959இல் வெளிவந்த திரைப்படம் நம் கண்ணில் பதித்த காட்சி அது. உயர்வு நவிற்சி கவிஞர்க்கு உரிமையுடையதே. ஆயின் இங்கே அது பெருமையைக் கூட்டாமல் குறைக்கிறது. கல்மதிலுக்குப் பின்னே நின்றார்கள் என்றால் வீரத்தின் ஒரு பங்கு கல்லுக்குச் சேரும். 12 அடி மண்மதிலுக்குப் பின்னே நின்றார்கள் என்றால் வீரம் முழுவதும் அவர்களுக்கே சேரும். உண்மையே இங்கு உயர்வு.

பத்தாம் ஆண்டில் அடிவைக்கும் நம் வட்டமும் பெரும் பொருளால் எழுந்ததன்று. ஊரார் கையில் கிடைத்ததைக் கொண்டு எழுந்தது. இடையில் சரிந்தபோதும் சிலர் கைகொடுக்க மீண்டும் நிமிர்ந்தது. கல் தாங்காத நினைவைச் சொல் தாங்க வேண்டும். பேசாத ஊமைத்துரைக்காகவும், பெயரறியாப் பெண்களுக்காகவும், கூடை சுமந்தோர்க்காகவும் நொச்சிப் பாடல் ஒன்று இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது. அடுத்த மலர் வெளிவருமுன் நம்முள் ஒருவர் அதனை எழுதுவாராக.