புல்டாக் நாயின் உமிழ்நீர்ச் சுரப்பி வீக்கம்

புல்டாக்கின் தாடைக்கு அடியிலோ கழுத்தின் ஒரு பக்கத்திலோ, வலியில்லாமல், தொட்டால் மெத்தென்று அமுங்கும் வீக்கம் தெரிந்தால் கால்நடை மருத்துவர் முதலில் சந்தேகிக்கும் கோளாறுகளில் ஒன்று சியலோசீல். உமிழ்நீர் மியூக்கோசீல் என்பதும் இதுவே. வளர்ப்பவர்கள் ‘சுரப்பி வீங்கிவிட்டது’ என்றுதான் சொல்வார்கள். உண்மையில் வீங்கியிருப்பது சுரப்பி அல்ல. சுரப்பியிலோ அதன் குழாயிலோ ஓரிடம் கிழிந்து, வாய்க்குள் போக வேண்டிய எச்சில் தோலுக்கடியில் கசிந்து தேங்கிவிடுகிறது. உடல் அதை வேண்டாத பொருளாக எடுத்துக்கொண்டு, சுற்றிலும் அழற்சித் திசுவால் ஒரு சுவர் எழுப்புகிறது. நீர்க்கட்டிகளுக்கு இருக்கும் சுரக்கும் உள்படலம் இந்தச் சுவருக்குக் கிடையாது. பை தானாக எதையும் ஊற வைப்பதில்லை. கசிவு நிற்காதவரை நிரம்பிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். சிகிச்சையில் நேரும் ஏமாற்றங்களில் பெரும்பகுதி இதை மறப்பதால் வருகிறது.

நாய்க்குப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் நான்கு ஜோடி. காதடியில் பரோட்டிட், தாடை மூலைக்குப் பின்னால் உருண்டையான மாண்டிபுலர், நாக்குக்கடியில் நீளவாக்கில் சப்லிங்குவல், கண்ணுக்குக் கீழே கன்ன எலும்பின் உட்புறம் சைகோமாட்டிக். கடைசிச் சுரப்பி மனிதருக்கு இல்லை. தாடைச் சுரப்பியின் குழாயை லண்டன் மருத்துவர் தாமஸ் வார்ட்டன் 1656-இல் விவரித்தார். பரோட்டிட் குழாயை 1660-இல் ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆட்டுத் தலையை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் நிக்கோலாஸ் ஸ்டெனோ கண்டார். ரஷ்யாவின் இவான் பாவ்லோவ் நாய்களின் உமிழ்நீர்க் குழாயைக் கன்னத்தின் வெளிப்புறத்துக்குத் திருப்பிவிட்டு, சொட்டுச் சொட்டாக எச்சிலைச் சேகரித்து அளந்தார்.  

இந்த நான்கு சுரப்பிகளில் அடிக்கடி கசிவது நாக்கடிச் சுரப்பியான சப்லிங்குவல். அதன் பின்பகுதி தாடைச் சுரப்பியோடு ஒரே உறைக்குள் ஒட்டிக்கொண்டிருப்பதால், அறுவையில் இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டியிருக்கிறது.

கசிவு ஏன் தொடங்குகிறது என்பதற்குப் பல நாய்களில் காரணம் அகப்படுவதே இல்லை. இழுத்தால் இறுகும் சங்கிலிப் பட்டை, வேறு நாயின் கடி, குச்சியைக் கடிக்கும்போது வாய்க்குள் குத்திய சிராய், குழாயை அடைக்கும் சுண்ணாம்புக் கல், அரிதாகப் புற்று ஆகியவை தெரிந்த காரணங்கள். பூடில், ஜெர்மன் ஷெப்பர்ட், டேஷண்ட், ஆஸ்திரேலியன் சில்க்கி டெரியர் ஆகிய இனங்களில் அதிகம் காணப்படுவதாகப் பாடநூல்கள் குறிக்கின்றன. புல்டாக் அந்த வரிசையில் முன்னிற்பதில்லை. ஆனால் மற்ற இனங்களுக்கு வெறும் தொந்தரவாக முடியும் இதே வீக்கம் புல்டாக்குக்கு மூச்சுப் பிரச்சினையாக மாறலாம் என்பதால், இந்த இனத்தைப் பற்றித் தனியாகவே பேச வேண்டியிருக்கிறது.

அதற்குக் காரணம் அதன் முகம். காளையை முளையில் கட்டி நாய்களை ஏவிவிடும் விளையாட்டை இங்கிலாந்து 1835-இல் சட்டம் போட்டு நிறுத்தியது. வேலையிழந்த புல்டாக் பிறகு கண்காட்சி நாயாக மாறியது. 1875-இல் அதற்கென்று சங்கமும் வந்தது. மேடை அழகுக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததில் முகம் குறுகியது, உள்ளே இருக்க வேண்டிய சதை மட்டும் குறையவில்லை. இடுங்கிய மூக்குத் துளை, நீண்டு தொங்கும் மென்னண்ணம், உடல் எடைக்குப் பொருந்தாத ஒடுங்கிய மூச்சுக்குழல் எல்லாம் ஒரே தொண்டையில் கூடுகின்றன. குறட்டையும் கர்புர் என்ற மூச்சும் ‘புல்டாக் என்றால் அப்படித்தான்’ என்று ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டன. அப்படி ஏற்றுக்கொள்ளக் கூடாது என்று பிரிட்டனின் கென்னல் கிளப்பும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் 2019 முதல் நாய்களை நடக்கவிட்டு மூச்சொலி கேட்டுத் தரம் பிரிக்கும் திட்டம் நடத்துகின்றன. நார்வேயில் இந்த இனத்தை வளர்த்துப் பெருக்குவதே விலங்கு நலச் சட்டத்துக்கு முரண் என்று 2022 ஜனவரியில் ஒரு நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு மேல்முறையீட்டில் புல்டாக் தப்பியது.

தொண்டைக்குள் இடம் இவ்வளவு குறைவாக இருக்கும்போது கசிந்த எச்சில் எங்கே தேங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கழுத்துத் தோலடியில் தேங்கினால் அவசரம் குறைவு. ஆனால் கண்ணில் படத் தாமதமாகும். புல்டாக்குக்குக் கழுத்தில் இயல்பாகவே இரு பக்கமும் தொங்குசதை உண்டு, இனத் தர வரையறையே அதைக் கேட்கிறது. அந்த மடிப்புக்குள் எலுமிச்சை அளவு வீக்கம் வாரக்கணக்கில் ஒளிந்திருக்கும். குளிப்பாட்டும்போதோ பட்டையை மாட்டும்போதோ ஒரு பக்கம் மட்டும் கனமாகத் தட்டுப்படும், அப்போதுதான் தெரியும்.

நாக்குக்கடியில் தேங்குவது ரானுலா. நீலம் கலந்த பளபளப்பான கொப்புளம் நாக்கை ஒரு பக்கம் தள்ளும். நாய் சோற்றை வாயிலெடுத்துக் கீழே போடும், ஜொள்ளில் ரத்தக் கோடு தெரியும். சைகோமாட்டிக் சுரப்பி கசிந்தால் கண் பிதுங்கும். தொண்டைச் சுவருக்குள் தேங்கும் வகை வெளியே எதையும் காட்டாது. விழுங்கத் திணறுவதும், முன்பில்லாத கரகரப்பான மூச்சும், படுக்கவிடாமல் எழுப்பும் திணறலும்தான் அடையாளம். முன்பே குறட்டை விடும் நாயில் இதைப் பிரித்தறிவது கடினம் என்பதால் புல்டாக்கின் மூச்சொலி திடீரென்று மாறினால் அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும்.

தாடைக்கீழ் வீக்கமெல்லாம் எச்சில் வீக்கமும் அல்ல. பெரும்பாலானோர் குழம்புவது நெறியோடு, அதாவது நிணநீர்க் கணுக்களோடு. அவை கெட்டியாக, விரலுக்கடியில் நழுவும். இரண்டு பக்கமும், கூடவே தோளிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கணுக்கள் பெருத்திருந்தால் லிம்போமா என்ற புற்றை நினைக்க வேண்டும். உண்ணிகள் மிகுந்த தமிழ்நாட்டில் உண்ணிக்காய்ச்சலும் கணுக்களைப் பெருக்க வைக்கும். சூடும் வலியும் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் சீழ்க்கட்டி. குளவி கொட்டினால் சில நிமிடங்களிலேயே முகம் முழுக்கத் தடித்துவிடும். சுரப்பியே உண்மையில் பெருத்துக்கொள்ளும் நோயும் உண்டு. அடிக்கடி ஓங்கரிப்பும் எச்சில் ஒழுக்குமாக வரும் சியலடனோசிஸ் என்ற அந்த விநோதக் கோளாறு, வலிப்புக்குக் கொடுக்கும் பீனோபார்பிட்டால் மாத்திரைக்குக் கேட்கிறது. வயதான நாயில் கல் போன்ற கட்டி என்றால் திசுப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

சந்தேகத்தைத் தீர்க்கும் சோதனை எளியது. மயிரை மழித்து, தோலைச் சுத்தம் செய்து, ஊசியால் கொஞ்சம் உறிஞ்சிப் பார்ப்பார்கள். வருவது எச்சில் என்றால் சொட்டாக விழாது; மருத்துவர் கையுறை விரல்களுக்கிடையே தொட்டு விரித்தால் கம்பிப் பதம் வந்த பாகு போல நூலாக நீளும். நிறம் வெளிர்மஞ்சளாகவோ, பழைய ரத்தம் கலந்து பழுப்பாகவோ இருக்கும். உறுதிப்படுத்த ஆய்வகத்தில் மியூசினைக் காட்டும் சாயம் உண்டு. அடுத்த கேள்வி, கசிவது இடதா வலதா? பை பெரிதாகிக் கழுத்தின் நடுவுக்கு வந்துவிட்டால் வெளியிலிருந்து சொல்ல முடியாது. நாயை மல்லாக்கப் படுக்க வைத்துக் கழுத்தை நேராக்கினால் வீக்கம் பெரும்பாலும் தான் வந்த பக்கத்துக்குச் சரியும். பழைய உத்திதான், ஸ்கேன் வந்த பிறகும் கைவிடப்படவில்லை. ஆனால் மூச்சுக்கே சிரமப்படும் புல்டாக்கை மல்லாக்கப் போட்டு அழுத்திப் பிடிப்பது விவேகமல்ல. அதற்கு அல்ட்ராசவுண்டோ, மயக்கத்தில் எடுக்கும் சிடி ஸ்கேனோ மேல்.

வடித்துவிட்டால் போதாதா என்ற கேள்வி எல்லா வீட்டிலும் எழும். வடித்த அன்று கழுத்து தட்டையாகி, பார்ப்பதற்கு நிம்மதியாக இருக்கும். கசிவு நிற்கவில்லையே, சில நாட்களிலோ வாரங்களிலோ பை மறுபடி நிரம்பும். ஒவ்வொரு முறை குத்தும்போதும் கிருமி உள்ளே போக வாய்ப்பு, பிறகு சீழ் பிடித்துத் திசுக்கள் ஒட்டிப்போனால் அறுவையும் சிக்கலாகும். மஞ்சள் பற்றும் வெந்நீர் ஒத்தடமும் கசிவை அடைப்பதில்லை. மயக்க மருந்தைத் தாங்கவே முடியாத உடல்நிலை, அல்லது மூச்சை அடைக்கும் அவசரம் என்றால் மட்டுமே வடிப்பதற்குத் தனி நியாயம் உண்டு.

நிலையான தீர்வு கசியும் பக்கத்துத் தாடைச் சுரப்பியையும் நாக்கடிச் சுரப்பியையும் எடுத்துவிடுவது. அறுவை மேசையில் கழுத்தின் அடிப்பகுதியை அழுத்திப் பிடித்தால் கழுத்துச் சிரை புடைத்து, தாடை மூலைக்குப் பின்னால் இரண்டு கிளையாகப் பிரிவது தோலுக்கு மேலேயே தெரியும். அந்தக் கவட்டைக்குள்தான் தாடைச் சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. புல்டாக்கின் கொழுத்த கழுத்தில் சிரை இவ்வளவு துலக்கமாகக் காட்டிக்கொடுப்பதில்லை, விரலால் தேடித்தான் பிடிக்க வேண்டும். உறையைக் கீறிச் சுரப்பியை விடுவித்து, தாடைத் தசைக்கு அடியில் நாக்கை நோக்கிச் செல்லும் சிறு சுரப்பித் துணுக்குகளையும் குழாயையும் நாக்கு நரம்பு குறுக்கிடும் இடம்வரை தொடர்ந்து போய் எடுக்கிறார்கள். இந்தத் துணுக்குகளில் ஒன்று தங்கினாலும், பக்கம் மாறிப்போனாலும் வீக்கம் திரும்பும். சரியாகச் செய்தால் திரும்புவது அரிது. எச்சில் நிரம்பிய பையை அறுத்தெடுப்பதில்லை, காலி செய்துவிட்டால் அது தானே சுருங்கும். ரானுலா இருந்தால் அதைத் திறந்து, ஓரத்தை வாய்ச் சதையோடு தைத்துவிடுவதும் உண்டு. எடுத்த சுரப்பியை ஆய்வகத்துக்கு அனுப்புவது நல்ல வழக்கம்.

வாய் வறண்டுவிடுமோ என்ற பயம் வேண்டாம். மீதமுள்ள சுரப்பிகள் ஈடுகட்டிவிடும். புல்டாக்குக்குப் பரோட்டிட் சுரப்பி வேறு விதத்திலும் முக்கியம். கண்ணீர் வற்றும் கோளாறு இந்த இனத்தில் அதிகம். சைக்ளோஸ்போரின் மருந்துக்கும் கேட்காத நாய்களில் பரோட்டிட் குழாயைக் கண்ணுக்குத் திருப்பிவிடும் அறுவை உண்டு. கண்ணீருக்குப் பதில் எச்சில் கண்ணை நனைக்கும். சாப்பாட்டுத் தட்டைக் கண்டாலே கன்னம் ஈரமாகிவிடும் என்பது அதன் பக்கவிளைவு.

புல்டாக்கை அறுவைக்குக் கொண்டுபோகும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி மயக்க மருந்தைப் பற்றியது. கவனமான மருத்துவர் மயக்கத்துக்கு முன்பே முகமூடியில் ஆக்சிஜன் கொடுப்பார், வாந்தியையும் எதுக்களிப்பையும் தடுக்கும் மருந்து சேர்ப்பார். நாயின் எடை 25 கிலோ என்றாலும், அந்த எடையுள்ள லாப்ரடாருக்கு மூச்சுக்குழலில் போடும் குழாய் இதற்கு உள்ளே போகாது என்பதால் சிறிய அளவுகள் பலவற்றை எடுத்து வைப்பார். ஆபத்து அதிகமுள்ள நேரம் விழிப்பு. தலையைத் தூக்கி வைத்து, நெஞ்சில் படுத்தபடி, நாய் தானாக மெல்லத் தொடங்கும்வரை குழாயை எடுக்காமல் வைத்திருப்பார்கள். குழாயோடு கண் விழித்துச் சுற்றிப் பார்க்கும் புல்டாக் புதியவர்களைத் திகைக்க வைக்கும். பல மாதங்களில் முதல்முறையாக அதற்குத் தாராளமாகக் காற்று கிடைத்திருக்கிறது, ஆட்சேபிக்க என்ன இருக்கிறது? இரவு முழுக்க ஆள் பார்த்துக்கொள்ளும் வசதியுள்ள இடத்தில் செய்வதே நல்லது.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் சில நாட்கள் வடிகுழாய் இருக்கலாம். ரத்தம் கலந்த நீர் கசிவது இயல்பு, நாளுக்கு நாள் குறைய வேண்டும். தையலைச் சுற்றிய மடிப்பைச் சுத்தமான துணியால் ஒற்றி உலரவைக்க வேண்டும். ஈரம் தங்கிய புல்டாக் மடிப்பில் புண் வரச் சிறிது நேரம் போதும். சொறியாமல் இருக்கக் கூம்புப் பட்டை போடும்போது அது மூச்சையோ தையலையோ அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். தையல் பிரிக்கும்வரை, ஏறக்குறைய 10 முதல் 14 நாட்கள், உப்பும் வெங்காயமும் இல்லாமல் குழைய வேகவைத்த சோறும் கோழியும், அல்லது ஊறவைத்த நாய் உணவும் சிறு சிறு கவளமாகக் கொடுக்கலாம். எலும்பு, குச்சி, கயிறு இழுக்கும் விளையாட்டு கூடாது. வலிக்கு மனித மாத்திரைகள் ஆகவே ஆகாது: இபுபுரூஃபனும் டைக்ளோஃபெனாக்கும் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வெயில் தனிக் கணக்கு. நாய் மூச்சிரைத்து, எச்சிலை ஆவியாக்கித்தான் உடம்பைத் தணிக்கிறது. இரைக்க இரைக்கத் தொண்டைச் சதை இன்னும் வீங்கும், வீங்க வீங்க இரைப்பு கூடும். சித்திரை, வைகாசியில் அறுவை செய்த புல்டாக்கை விசிறியோ ஏசியோ உள்ள அறையில் வைத்து, விடிவதற்கு முன் மட்டும் வாசல்வரை கூட்டிப்போனால் போதும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். அதைத் தாண்டி ஏறினாலும், ஈறு நீலம் பாய்ந்தாலும், கழுத்தை நீட்டிக்கொண்டு படுக்க மறுத்தாலும் காலைவரை காத்திருக்கக் கூடாது.

கழுத்துப் பட்டையை இனி மாட்டாமல், மார்போடு அணியும் ஹார்னஸுக்கு மாறிவிடுவது எந்தப் புல்டாக்குக்கும் நல்லது. அறுவைக்குப் பிறகு முதல் வாரத்தில் அதே இடத்தில் மெத்தென்று எழும் வீக்கம் பெரும்பாலும் வெட்டிய இடத்தில் ஊறிய நிணநீர், தானே வற்றும். வாரங்கள் கழித்து எழுந்தால் துணுக்கு ஏதோ தங்கியிருக்கிறது என்று பொருள். மறுபடி திறந்து பார்க்க வேண்டியிருக்கும். மறுபக்கத்துச் சுரப்பியும் பின்னொரு நாள் கசியலாம் என்பதால், குளிப்பாட்டும்போது இரண்டு பக்கத் தொங்குசதையையும் கையில் ஏந்தி ஒப்பிட்டுப் பார்ப்பது வளர்ப்பவரின் வழக்கமாகிவிட வேண்டும்.